சுங்கான் (பைப்) புகையிலையை வீட்டிலேயே கலப்பது எப்படி? என் கலவையில் சாம்பல் சுவை வருகிறது, நாக்கும் எரிகிறது

வர்ஜீனியா இலை 10 கிராம், புகையில் வாட்டிய லட்டாக்கியா இலை 10 கிராம் என்று பாதிக்குப் பாதி கலந்ததாக எழுதியிருக்கிறீர்கள். சாம்பல் சுவை வராவிட்டால்தான் ஆச்சரியம்.

கப்பலில் இன்ஜினியராக இருந்த காலத்தில் துறைமுகத்துக்குத் துறைமுகம் டப்பா வாங்கிச் சேர்த்தவன் நான். என் முதல் கலவையும் இதே கதிதான். லட்டாக்கியா டப்பாவைத் திறந்ததும் எழும் விறகுப்புகை வாசனையில் மயங்கி, கை தாராளமாகிவிடும். பெயர் சிரியாவின் துறைமுகத்துடையது. இப்போது கிடைப்பது பெரும்பாலும் சைப்ரஸ் இலை. நெருப்புப் புகையில் பல நாள் வாட்டி எடுப்பது. நிதானமாக எரியும், நிகோடினும் குறைவு, ஆனால் பக்கத்தில் இருக்கும் எந்தச் சுவையையும் பேச விடாது.

அடித்தளம் வர்ஜீனியாவாகவே இருக்கட்டும். சூடான காற்றில் உலர்த்துவதால் இலையின் சர்க்கரை அதிலேயே தங்கிவிடுகிறது. இனிப்பும் அதனால்தான், அவசரமாக இழுத்தால் நாக்கைச் சுடுவதும் அதனால்தான். அதற்குத் துணையாக ஓரியண்டல்: துருக்கி, கிரீஸ் பக்கத்துச் சின்ன இலை, வெயிலில் காய்ந்தது, லேசான புளிப்பு. பிறகு பெரிக். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் பீப்பாய்க்குள் அழுத்தி, தன் சாற்றிலேயே மாதக்கணக்கில் புளிக்கவைக்கிறார்கள். மிளகும் காய்ந்த பழமும் சேர்ந்த மணம். சாம்பாருக்குப் பெருங்காயம் எவ்வளவோ அவ்வளவுதான் இதற்கும்.

என் கணக்கு 20 கிராமுக்கு: வர்ஜீனியா 12, ஓரியண்டல் 4, லட்டாக்கியா 3, பெரிக் 1. சமையலறைத் தராசு இந்த 1 கிராமில் ஏமாற்றும். நகை நிறுக்கும் சின்னத் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். நிறுப்பதற்கு முன் எல்லா இலையும் ஒரே அளவு ஈரத்தில் இருக்க வேண்டும். ஈர இலை எடையில் பொய் சொல்லும். கட்டியாக அழுத்திய இலை என்றால் முதலில் விரலால் உதிர்த்துவிடுங்கள்.

கலந்ததைக் கண்ணாடி பாட்டிலில் மூன்று வாரம் மூடி வையுங்கள். மூன்றாம் நாளே பற்றவைத்தால் நான்கும் தனித்தனியாகச் சண்டை போடும். ஊறுகாய் இருந்த பாட்டில் கூடவே கூடாது. எத்தனை முறை கழுவியும் என் 20 கிராமில் மாவடு வாசனை வந்தது.

நாக்கு எரிவதற்குப் பெரும்பாலும் கலவையைக் குறை சொல்கிறோம். அவசரமாக இழுப்பது போக, உண்மையில் பெரும்பாலும் ஈரம்தான் காரணம். புகையோடு நீராவியும் வந்து சுடுகிறது. புகைப்பதற்கு முன் காகிதத்தில் அரை மணி நேரம் பரப்பிவிடுங்கள். எங்கள் தூத்துக்குடிக் காற்றுக்கு ஒரு மணி நேரம்கூடப் போதாது. விரலால் அழுத்தி விட்டால் இலை ஒட்டிக்கொள்ளாமல் பிரிய வேண்டும். நொறுங்கினால் அதிகம் காய்ந்துவிட்டது.

உள்ளூர் இலையைச் சேர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேதாரண்யம் புகையிலையை ஒருமுறை 2 கிராம் சேர்த்துப் பார்த்தேன். பாதிச் சுங்கானில் விக்கல் பிடித்தது, பிறகு தலை சுற்றல், சட்டை நனைய வியர்வை. திண்ணையில் ஒரு மணி நேரம் கிடந்தேன். மெல்லுவதற்குப் பக்குவப்படுத்திய இலைக்கு சுங்கானில் வேலையில்லை. புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய்ப்புற்று அபாயம் உண்டு என்று என் டாக்டர் கண்டித்ததால், இப்போது எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

உங்கள் பழைய கலவையை வீசிவிடாதீர்கள். அந்த 20 கிராமோடு இன்னும் 20 கிராம் வர்ஜீனியாவும் 10 கிராம் ஓரியண்டலும் சேருங்கள். லட்டாக்கியா ஐந்தில் ஒரு பங்காக இறங்கிவிடும். பெரிக்கை இந்த முறை தொட வேண்டாம். மூன்று வாரம் கழித்துப் புகைத்துப் பார்த்த பிறகு யோசிக்கலாம்.