வரைபடம் காட்டும் வீட்டில் அந்த ஆள் இல்லை: யாரிடம் சொல்வது?

கேள்வி: கலிஃபோர்னியாவில் வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். மாநில அரசின் ‘மேகன் சட்ட’ இணையதளத்தில் தேடியபோது, பாலியல் குற்றத்துக்காகத் தண்டனை பெற்ற ஒருவர் எங்கள் தெருவிலேயே வசிப்பதாகக் காட்டியது. ஆனால் படத்தில் இருப்பவரைப் பல மாதங்களாக அந்த வீட்டில் பார்க்கவே இல்லை. இந்த முகவரிகளை யார் சரிபார்க்கிறார்கள்? போலீசிடம் சொல்லலாமா? படத்தைத் தெரு வாட்ஸாப் குழுவில் போட்டு மற்ற பெற்றோரை எச்சரிக்கலாமா?

பதில்: இணையதளத்தை நடத்துவது மாநில நீதித் துறை. ஆனால் அதில் காணும் முகவரி, சம்பந்தப்பட்டவர் உள்ளூர் காவல் துறைக்கு நேரில் போய்க் கையெழுத்திட்டுச் சொன்ன முகவரி. ஆகவே உங்கள் சந்தேகத்துக்கு விடை தரவேண்டிய இடமும் உள்ளூர் காவல் துறைதான். ஃப்ரீமான்ட் போலத் தனிக் காவல் துறை உள்ள நகரமானால் அங்கே கேட்க வேண்டும். குபர்டினோ போலத் தனிக் காவல் துறை இல்லாத நகரமானால் கவுண்டி ஷெரிஃப் அலுவலகத்தை அணுக வேண்டும்.

பாலியல் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர்கள் தங்கள் முகவரியைக் காவல் துறையிடம் பதிந்து வர வேண்டும் என்ற இந்தப் பதிவு முறை கலிஃபோர்னியாவில் 1947 முதல் நடப்பில் உள்ளது. தண்டனைச் சட்டத்தின் 290ஆம் பிரிவின்படி, பதிவுக்கு உட்பட்டவர் ஓர் ஊருக்குக் குடிவந்த 5 வேலை நாள்களுக்குள்ளும், பிறகு ஆண்டுதோறும் தம் பிறந்த நாளையொட்டிய 5 வேலை நாள்களுக்குள்ளும் நேரில் வர வேண்டும். நிலையான வீடில்லாதவர் 30 நாளுக்கு ஒருமுறையும், கொடிய பாலியல் வன்முறையாளர் என நீதிமன்றம் தீர்மானித்தவர் 90 நாளுக்கு ஒருமுறையும் வந்தாக வேண்டும். கைரேகையும் புகைப்படமும் எடுத்து, வேலை செய்யும் இடம், ஓட்டும் காரின் எண், குடியிருப்புக்கான சான்று ஆகியவற்றை வாங்கிக்கொண்டு, 3 நாள்களுக்குள் அவற்றை மாநில நீதித் துறைக்கு அனுப்புவது அந்த அலுவலகத்தின் கடமை.

இனி நீங்கள் அவரைப் பார்க்காததற்கு வருவோம். ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் வழக்கமாகத் தங்குபவரானால், எத்தனை நாள் தங்கினாலும் அத்தனை முகவரிகளையும் பதிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். எனவே உங்கள் தெருவில் இருப்பது அவர் எப்போதாவது வந்து தங்கும் உறவினர் வீடாக இருக்கலாம். அவர் இரவுப் பணிக்குப் போகிறவராகவும் இருக்கலாம். வீடு மாறியிருந்தால், பழைய ஊரின் காவல் துறையிடம் 5 வேலை நாள்களுக்குள் நேரில் தெரிவித்துவிட்டு, புதிய ஊரிலும் அதே கெடுவுக்குள் பதிந்திருக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் போயிருந்தால்தான் அது குற்றம். பதிவுக்குக் காரணமான முதல் குற்றம் கடுங்குற்ற வகையைச் சேர்ந்ததானால், வேண்டுமென்றே பதிவைத் தவறவிட்டதற்கு 16 மாதம், 2 ஆண்டு அல்லது 3 ஆண்டு சிறை கிடைக்கலாம். இவற்றில் எது நடந்தது என்பதை வாசலில் நின்று பார்ப்பவரால் சொல்ல முடியாது.

போலீசார் எப்படிக் கண்டறிகிறார்கள்? பல ஊர்களில் துப்பறிவாளர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டுகிறார்கள். ஆள் இல்லாவிட்டால் வீட்டிலிருப்பவரிடமும் அக்கம்பக்கத்திலும் விசாரிப்பார்கள். அவர் பரோலில், அதாவது சிறையிலிருந்து வெளிவந்தும் அதிகாரியின் கண்காணிப்பில், இருந்தால் பரோல் அதிகாரி வீட்டைச் சோதனையிடலாம், காலில் ஜிபிஎஸ் பட்டையும் மாட்டியிருக்கலாம். ஆனால் தண்டனைக் காலம் முழுவதும் முடிந்து, பதிவுக் கடமை மட்டும் எஞ்சியவரின் வீட்டுக்குள் வாரன்ட் இல்லாமலோ அவர் சம்மதமில்லாமலோ நுழைய முடியாது. கதவு திறக்காவிட்டால் அதிகாரி திரும்பி வந்து வேறு வழியில் விசாரிக்க வேண்டியதுதான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது மெத்தனமாகத் தெரியும். என் கருத்தில் அப்படிச் சொல்வது நியாயமில்லை.

அந்தத் தளத்தில் அவருடைய பக்கத்தை மறுபடி திறந்து, பதிவு விதிகளை மீறியவர் என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அவர் பதிவைப் புதுப்பிக்கத் தவறியது அரசுக்கு முன்பே தெரியும் என்று பொருள். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். பதிவுக்கு உட்பட்ட எல்லோரும் அந்தத் தளத்தில் இருப்பதில்லை. சிலருக்கு முழு முகவரியும், சிலருக்கு ஜிப் கோடு மட்டுமே தெரியும். சிலர் பொதுமக்கள் பார்வைக்கே வருவதில்லை. 2021 ஜனவரி முதல், பதிவில் இருக்க வேண்டிய குறைந்தபட்சக் காலத்துக்கும் குற்றத்தின் தன்மைக்கேற்ப 10 ஆண்டு, 20 ஆண்டு, வாழ்நாள் என மூன்று அடுக்குகள் உள்ளன. எனவே தளத்தின் வரைபடத்தில் புள்ளி இல்லாத தெருவைப் பாதுகாப்பான தெரு என்று எண்ணிவிட வேண்டாம். (இந்தியாவில் 2018இல் தொடங்கிய பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளத்தைக் காவல் துறையினர் மட்டுமே பார்க்க முடியும் என்பதால், இப்படிப் பொதுவில் திறந்து வைத்த பட்டியல் நம்மில் பலருக்குப் புதிது.)

வாட்ஸாப் விஷயத்தில் என் பதில் வேண்டாம் என்பதே. ஆபத்தில் இருக்கும் ஒருவரைக் காப்பதற்காக மட்டுமே இந்தத் தகவலைப் பயன்படுத்தலாம் என்கிறது சட்டம். உங்கள் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டம்மாவிடம் நேரில் சொல்வது அதற்குள் அடங்கும். இருநூறு பேர் உள்ள குழுவில் படத்தை ஏற்றினால், அது எங்கே போய் நிற்கும் என்பது உங்கள் கையில் இல்லை. அவர் இப்போது அங்கே இல்லையென்றால், அந்த முகவரியில் இருக்கும் வேறொரு குடும்பம்தான் அவதிப்படும். தகவலைக் கொண்டு ஒருவருக்கு வீடு, வேலை, காப்பீடு மறுப்பதும் பொதுவாகத் தடை செய்யப்பட்டதே. இதை வைத்து ஒரு குற்றம் செய்தால் அதற்கெனக் கூடுதல் தண்டனை உண்டு. சிறு குற்றமானாலும் 10,000 முதல் 50,000 டாலர் வரை அபராதம்.

ஆகவே போலீசாரின் அவசரமில்லாத எண்ணை அழைத்து, பாலியல் குற்றவாளிகள் பதிவைக் கவனிக்கும் துப்பறிவாளரிடம் இணைக்கச் சொல்லுங்கள். தளத்தில் கண்ட பெயரையும் முகவரியையும் சொல்லிவிட்டு, நீங்கள் கண்ணால் கண்டதை மட்டும் கூறுங்கள்: எந்த மாதம் முதல் பார்க்கவில்லை, சாமான் ஏற்றிய லாரி வந்ததா, இப்போது அங்கே நிற்கும் கார் எது. கேள்விப்பட்டதைச் சொல்வதானால், கேள்விப்பட்டது என்றே சொல்லுங்கள். நீங்களே போய்க் கதவைத் தட்டவோ வீட்டைப் படமெடுக்கவோ வேண்டாம். உங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். விசாரணையின் முடிவை அவர்கள் உங்களிடம் சொல்லாமல் இருக்கலாம். சில வாரங்கள் கழித்து அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்து, மாற்றமில்லை என்றால் அதே துப்பறிவாளரை மீண்டும் அழையுங்கள். குழந்தைக்கு உடனடி ஆபத்து என்று தோன்றினால் மட்டும் இதற்கெல்லாம் காத்திராமல் 911ஐ அழையுங்கள்.