பெரிய நகரத்தில் ஒரு வாரம்: டிக்கெட் வாங்காமலே சுற்றிப் பார்க்க முடியுமா?

கேட்டிருப்பது இது: "வெளிநாட்டில் ஒரு பெரிய நகரத்துக்குக் குடும்பத்தோடு ஒரு வாரம் போகிறோம். விமானத்துக்கும் அறைக்குமே கையிருப்பு காலி. இலவச இடங்களை வைத்தே அந்த வாரத்தை ஓட்ட முடியுமா, இல்லை இதெல்லாம் பேச்சுக்குச் சொல்வதா?"

முடியும். ஓட்டுவது என்ன, நன்றாகவே இருக்கும். நான், வீட்டுக்காரர், மகள் மூன்று பேரும் போன பயணங்களில் இன்றைக்கும் வீட்டில் பேச்சில் அடிபடுவது பாதிக்கு மேல் சும்மா பார்த்த இடங்கள்தான். இத்தனைக்கும் முதல் பயணத்தில் நாங்கள் வெறியாக டிக்கெட் வாங்கித் தள்ளினோம்.

காசு கொடுத்து ஓரிடத்துக்குள் நுழைந்துவிட்டால் நம்மை ஒரு பிசாசு பிடித்துக்கொள்கிறது. கொடுத்த காசுக்கு ஒரு மூலை விடாமல் பார்த்தாக வேண்டும். கால் கடுக்கும், பிள்ளை சிணுங்கும், "இன்னும் ரெண்டு மாடிதான், வா" என்று இழுத்துக்கொண்டு போவோம். வெளியே வந்தபின் ஞாபகத்தில் இருப்பது கால்வலி மட்டும். இலவச இடத்தில் இந்தப் பிசாசு இல்லை. பிடிக்கவில்லையா, பத்து நிமிஷத்தில் எழுந்து வரலாம். பிடித்திருந்தால் நாளைக்கும் போகலாம்.

லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு ஒரே வாரத்தில் மூன்று தடவை போனோம், தடவைக்கு முக்கால் மணி நேரம். அவர்களிடம் இருப்பது சுமார் 80 லட்சம் பொருட்கள். தீர்த்துவிட முடியாது என்று தெரிந்ததும் அந்த ஆசையே போய்விட்டது. முதல் நாள் ரொசெட்டா கல் மட்டும் என்று முடிவு. ஒரே ஆணையை மூன்று எழுத்துகளில் பொறித்த கல், 1799-ல் எகிப்தில் கிடைத்தது. பழைய எகிப்தியச் சித்திர எழுத்தைப் படிக்க வழி கிடைத்ததே அதனால்தான். போனால் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் ஒரே செல்போன் காடு. மகளின் உயரத்துக்கு ஆட்களின் முதுகுதான் தெரிந்தது. ஆனால் அதே கட்டடத்தில் 1-ஆம் எண் அறையில் அந்தக் கல்லின் நகல் ஒன்று இருக்கிறது. தொட்டுப் பார்க்கலாம். நாங்கள் போனபோது அங்கே ஈ காக்கா இல்லை. அவள் மேலிருந்து விரலை வைத்து வரி வரியாகத் தடவிக்கொண்டே வந்தாள். பறவை, கண், பாம்பு, அப்புறம் ஏதோ கிறுக்கல், கடைசியில் கிரேக்கம். அங்கே வந்ததும், "அம்மா, இதுல ஏ எழுத்து இருக்கு!" அன்றைக்கு அது போதும் என்று வெளியே வந்துவிட்டோம். டிக்கெட் வாங்கியிருந்தால் அப்படி வந்திருப்போமா?

இன்னொரு நாள் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் திப்புவின் புலி. ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயின் கழுத்தைப் புலி கவ்வியிருக்கும் மரப் பொம்மை, வயிற்றுக்குள் ஆர்கன் வாத்தியம். ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது எடுத்துப் போனது. அதுவும் 1799. எடுத்துப் போனதை நமக்கு இலவசமாகக் காட்டுகிறார்கள் என்று வீட்டுக்காரர் முணுமுணுத்தார். அதுவும் நியாயம்தான்.

இனி எந்த நகரத்துக்குப் போனாலும் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இது ஏன் இலவசம்? அதற்குப் பதில் தெரிந்தால் எங்கே தேடுவது, எங்கே கொக்கி இருக்கிறது என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும்.

சில இடங்கள் மக்களின் வரிப்பணத்தில் நடக்கின்றன. பிரிட்டிஷ் மியூசியம் 1759-ல் திறந்ததிலிருந்து, நடுவில் கொஞ்ச காலம் போக, இலவசம்தான். நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டிருந்த மற்ற தேசிய மியூசியங்களும் 2001 டிசம்பரில் அதை விட்டன. அங்கே நிரந்தரக் காட்சி மட்டும்தான் சும்மா. சிறப்புக் கண்காட்சிக்கு டிக்கெட் உண்டு, வாசலில் பெரிய பேனர் கட்டியிருப்பது அதற்குத்தான். பாரிஸிலும் அப்படித்தான். நகராட்சி நடத்தும் கார்னவாலே, பெட்டி பாலே போன்ற மியூசியங்களில் நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் கிடையாது. சில ஊர்களில் உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் இலவசம்: சிங்கப்பூர் தேசிய மியூசியத்தின் நிரந்தரக் காட்சி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் சும்மா, நமக்கு டிக்கெட். "நுழைவு இலவசம்" என்று யாராவது எழுதியிருந்தால் யாருக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சில இடங்கள் யாரோ எழுதி வைத்த சொத்தில் வந்தவை. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் மியூசியங்கள் வரிசையாக நிற்கின்றன, எதிலும் நுழைவுக் கட்டணம் இல்லை. அதற்கு விதை போட்ட ஜேம்ஸ் ஸ்மித்சன் ஓர் ஆங்கிலேய விஞ்ஞானி. வாழ்நாளில் ஒருமுறைகூட அமெரிக்காவில் கால் வைத்ததில்லை. 1829-ல் செத்துப்போனார், சொத்து உடன்பிறந்தவரின் மகனுக்கு, அவரும் வாரிசு இல்லாமல் போனால் அமெரிக்காவுக்கு என்று உயில். கடைசியில் அதுதான் நடந்தது, 1846-ல் நிறுவனம் உருவானது. 1904-ல் அவருடைய எலும்புகளை அங்கே கொண்டுவந்தவர் தொலைபேசி புகழ் அலெக்சாண்டர் கிரகாம் பெல். இங்கே கொக்கி என்னவென்றால், விமான, விண்வெளி மியூசியம் மாதிரி கூட்டம் அலைமோதும் ஒன்றிரண்டுக்கு நேரம் குறித்த இலவச அனுமதிச் சீட்டை முன்கூட்டியே எடுக்க வேண்டும். சும்மாதானே என்று நேரே போனால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

சில இடங்களில் நேரம்தான் விலை. மாட்ரிட்டில் பிராடோ மியூசியம் திங்கள் முதல் சனி வரை மாலை 6 முதல் 8 வரையும், ஞாயிறு 5 முதல் 7 வரையும் இலவசம். வரிசை அதற்கு முன்பே வளைந்து நிற்கும். இரண்டு மணி நேரத்தில் பாதி வரிசையிலேயே கரைந்துவிடும். மாதத்தில் ஒரு நாள் இலவசம் என்று அறிவிக்கும் இடங்களும் உண்டு, ரோமில் முதல் ஞாயிறு கொலோசியம் அப்படி. என் கட்சி என்ன என்றால், எப்போதும் இலவசமாக இருக்கும் இடம் நல்லது. ஒரு நாள் மட்டும் இலவசமாகும் இடத்துக்கு அந்த ஒரு நாளைத் தவிர வேறு எந்த நாளும் போகலாம்.

வழிபாட்டு இடங்களைச் சுற்றுலா ஆட்கள் பலர் தவற விடுகிறார்கள். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆபேயிலும் செயின்ட் பால் தேவாலயத்திலும் பகலில் சுற்றிப் பார்க்க நல்ல காசு. மாலையில் பாடகர் குழு பாடும் ஈவன்சாங் என்ற வழிபாட்டுக்குப் போனால் ஒரு பைசா இல்லை, யார் வேண்டுமானாலும் உட்காரலாம். படம் எடுக்கக் கூடாது, நடுவில் எழுந்து உலாத்தக் கூடாது. அது சுற்றிப் பார்க்கும் நேரம் இல்லை, அவர்களுடைய பூஜை நேரம், அந்த அடக்கம் வேண்டும். அந்தப் பாட்டு கல் கூரையில் ஏறி ஒரு கணம் அங்கேயே தங்கி இறங்கும். பகலில் டிக்கெட் வாங்கிப் போனால் அதைக் கேட்க முடியாது.

அப்புறம், உள்ளூர்க்காரர்கள் வேலைக்குப் போய் வரும் வண்டிகள். நியூயார்க்கில் ஸ்டேட்டன் தீவு படகு 1997 முதல் இலவசம். ஆரஞ்சு நிறப் படகு, இரவு பகலாக ஓடுகிறது, போக 25 நிமிஷம். சுதந்திர தேவி சிலை நன்றாகத் தெரியும். போகும்போது வலது பக்கம் நில்லுங்கள், திரும்பும்போது இடது பக்கம். அங்கே எல்லோரும் இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கி, சுற்றி வந்து, அடுத்த படகில் ஏறிக்கொள்ளலாம். நாங்கள் படகுத்துறைக்கு நடந்து போகிற வழியில் ஒருவர், ஊழியர் மாதிரி ஜாக்கெட், கழுத்தில் அட்டை. "படகா? டிக்கெட் இங்கேதான்" என்றார். வீட்டுக்காரர் பர்ஸை எடுத்தேவிட்டார். மகள்தான், "அப்பா, ஃப்ரீன்னு அம்மா சொன்னாங்களே" என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள். அந்த ஆள் எங்களை விட்டு அடுத்த குடும்பத்திடம் போய்விட்டார். படகில் மேல்தட்டில் காற்று முகத்தில் அறைய, பக்கத்தில் ஒரு பெண்மணி சிலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். தினமும் பார்க்கிறவர் போல.

மெல்போர்னில் நகர நடுவில் 2015 முதல் டிராம் இலவசம். எல்லையைத் தாண்டி ஒரு நிறுத்தம் போனாலும் பயணக் கார்டு தேய்த்திருக்க வேண்டும். தூங்கிவிடாதீர்கள்.

உயரத்திலிருந்து ஊரைப் பார்க்க எல்லா நகரத்திலும் ஒரு கோபுரம் காசு பிடுங்கும். டோக்கியோவில் ஷின்ஜுகுவில் இருக்கும் பெருநகர அரசு அலுவலகத்தின் 45-ஆம் மாடிக்கு லிஃப்டில் சும்மா ஏறலாம், 202 மீட்டர் உயரம். வானம் தெளிந்திருந்தால் ஃபூஜி மலை தெரியும். பெர்லினில் நாடாளுமன்றத்தின் கண்ணாடிக் குவிமாடத்துக்குப் பெயர், பிறந்த தேதி கொடுத்து முன்பதிவு செய்தால் போதும். லண்டனில் ஓர் உயரக் கட்டடத்தின் உச்சியில் இருக்கும் ஸ்கை கார்டனும் முன்பதிவோடு இலவசம். மேலே பொதுமக்களுக்கு இடம் விட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அந்தக் கட்டடத்துக்கே அனுமதி கொடுத்தார்கள். ராத்திரி என்றால் சிங்கப்பூர் கார்டன்ஸ் பை த பே பூங்காவில் 7.45-க்கும் 8.45-க்கும் மரம் மாதிரி எழுப்பிய உலோகக் கோபுரங்கள் பாட்டுக்கு ஏற்ப ஒளிரும். 25 முதல் 50 மீட்டர் உயரம், நின்று பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். தரையில் மல்லாந்து படுத்துவிடுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், பாதிக் கூட்டம் அப்படித்தான் கிடக்கும்.

"இலவச நடைச் சுற்றுலா" என்று குடை பிடித்துக்கொண்டு கூப்பிடுவார்களே, அது இலவசம் இல்லை. வழிகாட்டியின் சம்பளம் நாம் கடைசியில் கொடுக்கும் டிப்ஸ்தான். இரண்டு மணி நேரம் தொண்டை வற்றக் கதை சொன்னவரிடமிருந்து கடைசித் தெருமுனையில் நழுவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கொடுக்க மனம் இல்லையென்றால் சேராதீர்கள். சேர்ந்தால் கொடுங்கள். முதல் நாளே போனால் ஊரின் நெளிவு சுளிவு பிடிபடும், அதற்கு அந்தக் காசு தகும்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் அந்த இடத்தின் சொந்தத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பழைய பயணக் குறிப்புகளை நம்பினால் வம்பு. ரோமில் பாந்தியன் என்ற பழங்காலக் கோயில் காலம் காலமாகச் சும்மா இருந்தது, 2023 ஜூலையிலிருந்து டிக்கெட். நேரே தேடினால் முதலில் வருவது இடைத்தரகர் தளங்களாகவே இருக்கும், இலவச இடத்துக்கும் "முன்னுரிமை நுழைவு" என்று ஒரு விலை போட்டு வைத்திருப்பார்கள்.

காலையில் ஓரிடம், மாலையில் ஓரிடம், நடுவில் நடை. அதற்கு மேல் வேண்டாம். கால் ஓய்ந்தால் பொது நூலகம் தேடுங்கள், உட்கார நாற்காலி, சுத்தமான கழிப்பறை இரண்டும் கிடைக்கும். மெல்போர்னில் விக்டோரியா மாநில நூலகத்தின் குவிமாடத்துக்குக் கீழே இருக்கும் வாசிப்பு அறை 1913-லிருந்து இருக்கிறது. உட்காரப் போனவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ரோமில் தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம். தெருவெங்கும் நசோனி என்று வார்ப்பிரும்புக் குழாய்கள், 2000-க்கு மேல், ராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கும். மூக்கு மாதிரி வளைந்த குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சும், குனியாமல் குடிக்கலாம். இதைக் கண்டுபிடித்த அன்று மகள் ஒவ்வொரு குழாயிலும் நின்றாள். எங்கள் இருவரின் சட்டையும் நனைந்தது.

ரோமைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். சான் லூயிஜி தேய் ஃப்ரான்செசி என்ற தேவாலயத்தில் இத்தாலிய ஓவியர் கரவாஜியோ வரைந்த புனித மத்தேயுவின் மூன்று ஓவியங்கள் இருக்கின்றன. நுழையக் கட்டணம் இல்லை. மூலையில் ஒரு சின்னச் சன்னிதி, உள்ளே மங்கல் இருட்டு. விளக்கு எரிய வேண்டுமானால் பக்கத்தில் இருக்கும் பெட்டியில் காசு போட வேண்டும். நாங்கள் போனபோது இருபது பேர் அங்கே இருட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எல்லோருக்கும் பெட்டி தெரியும். எல்லோரும் அடுத்தவர் போடுவார் என்று காத்திருந்தார்கள், நாங்களும்தான். யாரோ போட்டார்கள். பளிச்சென்று வெளிச்சம், இருளைக் கிழித்துக்கொண்டு சுவரோரம் பாயும் அந்த ஓவியத்து ஒளி, நீட்டிய கை, மேஜையில் காசு எண்ணும் ஆட்கள். நான் கையைப் பார்ப்பதா முகத்தைப் பார்ப்பதா என்று யோசிப்பதற்குள் டக்கென்று அணைந்துவிட்டது. மறுபடி இருட்டு, மறுபடி இருபது பேர், மறுபடி மௌனம். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். ஒரு வாரமாக அவரிடம் பைசா பைசாவாகக் கணக்குக் கேட்டவள் நான். பர்ஸைத் துழாவி ஒரு நாணயத்தை எடுத்து மகள் கையில் கொடுத்தேன். அவள் நுனிக்காலில் எம்பிப் போட்டாள்.