விளைச்சல் கூடியும் அமெரிக்க விவசாயி ஏன் கடனாளியானார்?

தேர்வுக்குப் படிக்கும்போது, 1870க்குப் பிறகு அமெரிக்காவில் கோதுமை விளைச்சல் ஏறிக்கொண்டே போனது, ஆனால் விவசாயிகள் 1892ல் தனிக்கட்சியே தொடங்கினார்கள், இது முரணாக இருக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். முரண் இல்லை. விளைச்சல் ஏறியதும் ஒரு காரணம்.

1862ன் ஹோம்ஸ்டெட் சட்டம், குடியேறிப் பயிரிடுபவர்களுக்கு 160 ஏக்கர் வரை அரசு நிலம் தந்தது. ரயிலும் அறுவடை இயந்திரமும் வந்தன. அமெரிக்கக் கோதுமை போன இங்கிலாந்தின் லிவர்பூல் சந்தையிலேயே ரஷ்யக் கோதுமையும் இந்தியக் கோதுமையும் இறங்கின. விலை சரிந்தது.

அப்புறம் கடன். இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். புஷல் (கோதுமைக்கு சுமார் 27 கிலோ) ஒரு டாலர் விற்றபோது 1,000 டாலர் கடன் வாங்கியவர் 1,000 புஷல் விற்று அசலை அடைக்கலாம். விலை 50 சென்ட் ஆனால் 2,000 புஷல் வேண்டும். 1890களின் நடுவில் விலை உண்மையிலேயே அந்த அளவுக்கு இறங்கியது. கடன் தொகையோ ஒரு சென்ட்கூடக் குறையவில்லை. வெள்ளி நாணயத்தைத் தாராளமாக அச்சடிக்கச் சொல்லி விவசாயிகள் கேட்டது அதனால்தான். பணம் பெருகினால் விலை ஏறும் என்ற கணக்கு.

ரயில் கட்டணக் கொள்ளையும் உண்டு, 1887ல் அதைக் கட்டுப்படுத்தச் சட்டமே வந்தது. ஆனால் விடையில் கடனை முதலில் எழுதுங்கள்.