இரும்பு மீகடத்திகளை ஒளியால் துருவுவது: கேள்வி பதில்

மீகடத்தி என்றால் குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள். எக்ஸ் கதிரையும் லேசரையும் இரும்பு மீகடத்திகள் மேல் பாய்ச்சிப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. அதைப் பற்றிக் கேளுங்கள்.

மாணவி: காந்தம் மீகடத்தலைக் கெடுக்கும் என்று படித்தோம். இரும்பை வைத்து எப்படி மீகடத்தி?

2008ல் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தின் ஹிதேயோ ஹொசோனோ குழு 26 கெல்வினில் இதைக் காட்டியபோது இயற்பியலாளர்களுக்கும் இதே வியப்புதான். பேரியம்-இரும்பு-ஆர்சனிக் சேர்மத்தைப் பாருங்கள். சுமார் 140 கெல்வினுக்குக் கீழே அதன் இரும்பு அணுக்களின் ஸ்பின்கள், அதாவது எலக்ட்ரான்களின் நுண்காந்தங்கள், கோடு கோடாக அணிவகுக்கும். ஒரு திசையில் பக்கத்து ஸ்பின்கள் எதிரெதிராக, குறுக்குத் திசையில் ஒரே பக்கமாக. மொத்தக் காந்தம் பூச்சியம். பேரியத்தில் 40 சதவீதத்தை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் வைத்தால் அந்த அணிவகுப்பு குலைந்து, 38 கெல்வினில் மீகடத்தல் வருகிறது. அணிவகுப்புதான் போகிறது, ஸ்பின்களின் துடிப்பு போவதில்லை. எலக்ட்ரான்களை ஜோடி சேர்ப்பது அந்தத் துடிப்பே என்பது இத்துறையில் பலரின் கட்சி. என் கட்சியும் அதுதான்.

மைக்ராஸ்கோப் பிரியர்: லேசரை அடித்து, திரும்பி வரும் ஒளியின் முனைவாக்கம் (ஒளி அலை அதிரும் திசை) எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்தால் போதாதா?

மொத்தக் காந்தம் பூச்சியம் என்றேனே, அதனால் நீங்கள் சொல்லும் அந்தத் திருப்பம், அதாவது கெர் விளைவு, இங்கே கைகொடுக்காது. ஆனால் முனைவாக்க நுண்ணோக்கியில் படிகத்தை வைத்துக் குளிரவைத்துப் பாருங்கள். அதுவரை ஒரே சாம்பலாக இருந்த பரப்பில் திடீரென்று வெளிரும் கருமையுமாகப் பட்டைகள் கிளம்பும். நீங்கள் பார்ப்பது ஸ்பின்னை அல்ல. படிகத்தின் இரு பக்கங்களும் சுமார் 0.7 சதவீதம் வேறுபட்டுவிட்டதைத்தான் பார்க்கிறீர்கள். இன்னொன்று: லேசர் படும் இடம் சூடாகும். வெப்பமானி காட்டுவது தாங்கியின் வெப்பநிலையை, அந்தப் புள்ளியின் வெப்பநிலையை அல்ல.

அறை வெப்பநிலையில் மீகடத்தல் எப்போது வரும்?

தெரிந்தால் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

நியூட்ரான் பக்தன்: நியூட்ரானுக்கு ஸ்பின் உண்டு, காந்தத்தை நேரடியாகத் தொடும். ஃபோட்டானை, அதாவது ஒளித்துகளை, வைத்து ஏன் மூக்கைச் சுற்றித் தொட வேண்டும்?

வாருங்கள், உங்களைத்தான் எதிர்பார்த்தேன். நியூட்ரானுக்குக் கிராம் கணக்கில் படிகம் வேண்டும். பல துண்டுகளை ஒரே திசையில் அடுக்கி ஒட்டவேண்டும். எக்ஸ் கதிருக்கு ஒரு சின்னத் துணுக்கு போதும். ஏறக்குறைய 708 எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான், இரும்பின் உள்கூட்டு 2பி எலக்ட்ரானை வெளிக்கூட்டு 3டிக்கு ஏற்றும். உள்கூட்டில் விழுந்த ஓட்டையில் ஸ்பின்னும் சுற்றுப்பாதையும் இறுகப் பிணைந்திருப்பதால், ஓட்டை நிரம்பும்போது ஒரு ஸ்பின் புரண்டுவிட வழியுண்டு. அந்தப் புரட்டலுக்கான செலவைக் கழித்துக்கொண்டு ஃபோட்டான் வெளியே வரும். செலவு அதிகபட்சம் 200 மில்லி எலக்ட்ரான் வோல்ட் அளவு. 708ல் 0.2 குறைந்ததைப் பிடிக்க வேண்டும், அதுவும் பெரிய ஒளிர்வுப் பின்னணிக்கு நடுவே! 2013ல் சுவிட்சர்லாந்தின் சுவிஸ் ஒளி மூலம் என்ற எக்ஸ் கதிர் ஆய்வு நிலையத்தில் பிடித்தார்கள். அணிவகுப்பு குலைந்த பொட்டாசியம் படிகத்திலும் அந்த ஸ்பின் அலைகள் உயிரோடிருந்தன.

நியூட்ரான் பக்தன்: அணிவகுப்பின் அலைத்திசையனையே (அது எவ்வளவு தூரத்துக்கு ஒருமுறை, எந்தத் திசையில் திரும்ப வருகிறது என்பதற்கான அளவு) உங்கள் எக்ஸ் கதிர் எட்டாதே? மீகடத்தலின்போது ஸ்பின் துடிப்பு கூர்மையாகத் தலைதூக்கும் 14 மில்லி எலக்ட்ரான் வோல்ட் ஒத்ததிர்வையும் 2008லேயே நாங்கள்தான் பார்த்தோம்.

உண்மை. அந்த ஆற்றலில் ஃபோட்டானின் உந்தம் அதுவரை போகாது. 2013 சோதனையின் பிரிதிறனில் 14ஐத் தனியாகக் காணவும் முடியாது. கீழ் ஆற்றல் உங்கள் ராஜ்யம், எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரே ஓர் அடுக்கு இரும்பு செலினைடு? அதை நியூட்ரானிடம் கொடுத்தால் ஒன்றும் தெரியாது. 2021ல் எக்ஸ் கதிரால் அதன் ஸ்பின் துடிப்பை அளந்துவிட்டார்கள்.

லேசரால் காந்தத்தை உண்டாக்க முடியுமா?

அருமையான கேள்வி. வழக்கமாக லேசர் துடிப்பு அணிவகுப்பை அழிக்கத்தான் செய்யும். 2012ல் வெளியான ஒரு சோதனையில் பேரியம் சேர்மத்தை அணிவகுப்பு வெப்பநிலைக்குச் சற்று மேலே வைத்து, மிகக் குறுகிய துடிப்பால் தட்டினார்கள். ஆர்சனிக் அணுக்கள் இரும்புத் தளத்திலிருந்து விலகியும் நெருங்கியும் நொடிக்கு 5.5 லட்சம் கோடி முறை ஆடின. அந்த ஆட்டத்தின் தாளத்திலேயே அணிவகுப்புக்குரிய ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரான்கள் இருக்க முடியாத ஆற்றல் பகுதி), இருக்கக்கூடாத வெப்பநிலையில், தோன்றித் தோன்றி மறைந்தது. ஆர்சனிக்கின் உயரம் கொஞ்சம் மாறினாலே காந்தம் மாறும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இங்கும் சூட்டைக் கணக்குப் பார்க்க மறக்காதீர்கள்.

எல்கே-99?

2023ல் அறை வெப்பநிலை மீகடத்தி என்று பரபரப்பான பொருள். அதில் தெரிந்தது தாமிர சல்ஃபைடு மாசின் வேலை. மேலே அறை வெப்பநிலைக்குச் சொன்ன பதிலே இதற்கும்.

நியூட்ரான் பக்தன்: அந்த ஓர் அடுக்கு இரும்பு செலினைடைப் படலம் என்பேன், படிகம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஒப்புக்கொள்ள வேண்டாம், 65 கெல்வின் வரை மீகடத்தலுக்குரிய ஆற்றல் இடைவெளி தெரிகிறது. பருமனான இரும்பு செலினைடு சாதாரண அழுத்தத்தில் சுமார் 8 கெல்வினுக்குக் கீழேதான் மீகடத்தும். நீங்கள் எதை ஆராய்வீர்கள்?

இந்தியாவில் இதற்கு எங்கே போவது?

சிங்க்ரோட்ரான், அதாவது எலக்ட்ரான்களைச் சுழலவிட்டு வலிய எக்ஸ் கதிர் எடுக்கும் இயந்திரம், என்றால் இந்தூரில் இண்டஸ்-2. படிகம் வளர்ப்பது பற்றி என்னிடம் கேட்காதீர்கள், வேதியியல்காரர்களிடம் போங்கள். ஆர்சனிக் விஷம், வீட்டில் முயல வேண்டாம்.

அறை வெப்பநிலை...

அடுத்தவர்.