ஆறு மாதம் முடிந்த முயலுக்கு இனி என்ன தீனி?

காரைக்குடியில் வளரும் உங்கள் முயலுக்கு 6 மாதம் முடிந்துவிட்டது, குதிரைமசாலும் (ஆல்ஃபால்ஃபா என்னும் தீவனப் பயிர்) பெல்லட்டும் (கடையில் விற்கும் குச்சித் தீவனம்) இப்படியே தொடரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், மாற்ற வேண்டிய நேரம் இதுதான்.

குதிரைமசாலில் புரதமும் கால்சியமும் அதிகம். வளரும் குட்டிக்கு அது சரி. வளர்ந்த முயலுக்கோ கொழுப்பு ஏறும், மிஞ்சிய கால்சியம் சிறுநீரில் இறங்கும். எங்கள் வீட்டு ஆத்தங்குடிக் கல் தரையில் சுண்ணாம்பு கரைத்து ஊற்றியதுபோல் வெள்ளைத் திட்டு காய்ந்து கிடந்தபோதுதான் எனக்கே உறைத்தது.

ஆனால் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், வயிறு கெடும். 2, 3 வாரங்களில் குதிரைமசாலைக் குறைத்துக்கொண்டே காய்ந்த புல்லைக் கூட்டுங்கள். அப்புறம் புல்லுக்கு அளவே வேண்டாம்; முயலுக்குப் பல் ஆயுள் முழுக்க வளரும், மென்றுகொண்டே இருந்தால்தான் தேயும். பெல்லட், முயலின் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 கிராம் போதும். அருகம்புல், கொத்தமல்லித்தழை தரலாம்; புதுக் கீரையை ஒவ்வொன்றாகப் பழக்குங்கள். கேரட் எப்போதாவது ஒரு சின்னத் துண்டு. வீட்டுக்கு வரும் ஆச்சிமார் ஆசையாக நீட்டும் சீப்புச்சீடையைத் தடுப்பதுதான் பெரும்பாடு!

மாற்றும் நாட்களில் புழுக்கையைப் பாருங்கள். அது சிறுத்துப்போனாலோ, முயல் அரை நாள் தின்னாமல் கிடந்தாலோ உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.