எச்ஐவி விஷயத்தில் இளைஞர்களுக்குப் பதாகை பிடிப்பதைத் தாண்டி வேலை இருக்கிறதா?

மும்பையில் கல்லூரி முதல் வருடம் படிப்பதாகவும், எச்ஐவி விழிப்புணர்வுக்காகக் கல்லூரிகளில் நடக்கும் ரெட் ரிப்பன் கிளப்பில் சேரச் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். டிசம்பர் 1 உலக எய்ட்ஸ் தின ஊர்வலம், சுவரொட்டிப் போட்டி, இவற்றைத் தவிர அங்கே என்ன இருக்கிறது என்பது உங்கள் கேள்வி.

நிறைய இருக்கிறது. ஆனால் அதில் முக்கால்வாசி, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட முடியாத வேலை. அதனால்தான் வெளியே தெரிவதில்லை.

நான் தாராவிப் பையன். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். கல்லூரியில் அதே கிளப்பில் சேர்ந்து, அங்கிருந்து எச்ஐவியோடு வளர்ந்த பிள்ளைகளின் ஆதரவுக் குழு ஒன்றுக்குப் போய், இன்று வரை அங்கேதான் இருக்கிறேன். எனக்குத் தொற்று இருக்கிறதா இல்லையா என்று இங்கே சொல்லப் போவதில்லை. குழுவில் யாரும் யாரையும் அதைக் கேட்கக் கூடாது என்பது நாங்களே போட்ட முதல் விதி.

இந்தியாவில் எச்ஐவியைக் கண்டுபிடிக்க வழி செய்ததே ஒரு மாணவிதான். 1986-ல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னதன் பேரில் பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரிகள் சேகரித்தார். சரியான வசதி இல்லாமல் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்து, வேலூருக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்தார்கள். ‘இந்த நோயெல்லாம் நம்ம நாட்டுக்கு வராது’ என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த நேரம் அது.

சரி, இன்றைய கதைக்கு வருகிறேன். எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி மருந்தை அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில். அந்தக் காலத்தில் தாயிடமிருந்து தொற்றுடன் பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது இருபது வயதுக்கு மேல். பெற்றோரை இழந்து ஆச்சி, தாத்தாவிடம் வளர்ந்தவர்கள் அவர்களில் பலர். அவர்கள் சிறு வயதில் மருந்து வாங்கப் போன நாட்களை நினைத்துப் பாருங்கள். ஆச்சிக்குத் தமிழ் மட்டும்தான் வரும், மருந்து மையத்துக் கவுன்சிலர் மேடத்துக்கு மராத்தியும் இந்தியும். நடுவில் மொழிபெயர்ப்பாளர் யார்? ஆச்சியோடு வந்த பையனேதான். “ராத்திரி மாத்திரை விட்டுப்போகுதா?” என்று மேடம் கேட்டால், ஆச்சியிடம் அவன் “நல்லாப் படிக்கிறியான்னு கேக்காங்க” என்பான். பதினைந்து வயதுப் பையன் வேறு என்ன செய்வான்?

இதைக் கவனித்துச் சொன்னது எந்த அதிகாரியும் இல்லை, எங்கள் குழுவில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி. தானும் அப்படி மாற்றிச் சொல்லியே வளர்ந்தவள். அதற்கப்புறம் அவளே ஆச்சிமாரோடு போக ஆரம்பித்தாள். ஒரு ஆச்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒழுங்கா மாத்திரை திங்கானா, இல்ல என்னைய ஏமாத்துதானான்னு கேட்டுச் சொல்லு தாயி” என்றார். அவள் கேட்டாள். பையன் சில ராத்திரிகள் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் வெளியே வந்தது.

காரணமும் சோம்பேறித்தனம் இல்லை. முப்பது மாத்திரை உள்ள பிளாஸ்டிக் டப்பா, திறக்கும்போது கலகலவென்று சத்தம் போடும். பத்துக்குப் பத்து அறையில் சித்தப்பா, சித்தி, விருந்துக்கு வந்த ஊர்க்காரர்கள் என்று வரிசையாகப் படுத்திருக்கும்போது, அந்தச் சத்தம் கேட்டால் யாராவது ‘என்னல அது?’ என்று கேட்பார்கள். டப்பாவுக்குள் மாத்திரைக்கு மேல் கொஞ்சம் பஞ்சை அடைத்துவிட்டால் சத்தம் வராது என்று சொல்லிக்கொடுத்தவன் இன்னொரு பையன். எந்தக் கையேட்டில் இது இருக்கும், சொல்லுங்கள்? மருந்து ஒழுங்காக உள்ளே போய், வைரஸ் அளவு பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் அடுத்தவருக்குத் தொற்று போகாது. ஆக, அந்தப் பஞ்சும் தடுப்பு வேலைதான்.

ரகசியம் காப்பது இன்னொரு பெரிய வேலை. தாராவியில் ஒரு சந்தில் தும்மினால் ஊரில் இருக்கும் மாமாவுக்குப் போன் போய்விடும். பக்கத்திலேயே சயான் ஆஸ்பத்திரி இருந்தும், தெரிந்த முகம் தட்டுப்படும் என்று பயந்து ரயிலேறித் தூரமாகப் போய் மருந்து வாங்குகிறவர்கள் உண்டு. குழுக் கூட்டமும் முன்பு தெருப்பக்கம் ஒரு அறையில்தான் நடந்தது. பாதிப் பேர் வரமாட்டார்கள். பிள்ளைகளே முடிவெடுத்து அதைத் தாதர் சிவாஜி பார்க்குக்கு மாற்றினார்கள். பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து கடலை கொறித்தால், பார்க்கிறவர்களுக்கு அது பிறந்தநாள் பார்ட்டி. அப்புறம், குழு ஆட்களைத் தெருவில் பார்த்தால் நாமாக முதலில் பேசக் கூடாது. அவர்கள் சிரித்தால் சிரிக்கலாம். ‘இவனை உனக்கு எப்படித் தெரியும்?’ என்று கூட இருப்பவர் கேட்டுவிட்டால், பொய் சொல்ல வேண்டியது நம் குழு ஆள்தானே.

இன்னும் தொற்று வராதவர்கள் பக்கம் வந்தால், நண்பர்களுக்குச் சில விஷயங்களைச் சரியாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பாதுகாப்பில்லாத உடலுறவு மாதிரி ஆபத்தான தொடர்பு நடந்துவிட்டால், எச்ஐவி தொற்றாமல் தடுக்க 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிடும் மருந்து உண்டு. எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது, கூகுளில் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரமில்லை. எச்ஐவி பற்றிக் கேட்க 1097 இலவச உதவி எண். பரிசோதனை அரசு மையத்தில் இலவசம். ஆனால் 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதம் வேண்டும். இது எனக்கு ஒப்பாத விஷயம். பதினேழு வயதுப் பிள்ளை எந்த அப்பாவிடம் போய்க் கையெழுத்துக் கேட்கும்?

வேடிக்கை என்னவென்றால், 2017-ல் வந்த எச்ஐவி சட்டமே, பாதிக்கப்பட்ட குடும்பத்தைக் கவனித்துக்கொள்ளும் 12 முதல் 18 வயதுப் பிள்ளையை, போதிய பக்குவம் இருந்தால், தம்பி தங்கைக்குக் காப்பாளராக ஏற்கிறது. தம்பியை ஆஸ்பத்திரியில் சேர்க்க, பள்ளியில் சேர்க்க, பேங்க் கணக்கைக் கவனிக்க அந்தப் பிள்ளைக்கு உரிமை உண்டு. இதை அறியாத அலுவலகங்களில் சட்டத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கூடப் போய் நிற்பதும் எங்கள் வேலைகளில் ஒன்று.

கிளப்பில் சேருங்கள். அதோடு நிற்காமல் ஒரு குழுவுக்கும் போங்கள். ‘இளைஞர் தலைவர்’ என்று சான்றிதழ் நீட்டுகிறவர்களிடம் மட்டும் கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டம் எங்கே, எப்போது என்று முடிவெடுப்பது பிள்ளைகளா, ஆபீஸ்காரர்களா? கூடப் போகிறவர்களுக்கு ரயில் டிக்கெட் காசு கிடைக்குமா, அல்லது பணமெல்லாம் டி-ஷர்ட்டுக்கும் பேனருக்கும்தானா? போட்டோ எடுக்கும் முன் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்பார்களா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் அந்த இடம் வேண்டாம், வேறு குழு பாருங்கள்.