வாசகர் கேள்வி பதில்: புளித்த உணவும் குடல் நலமும்

இம்மாதக் கேள்விகள் நான்கும் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார வாசகர்களிடமிருந்து வந்தவை.

கேள்வி: என் மாமியார் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டிய காலத்திலிருந்து இன்றுவரை காலையில் பழைய சோறும் நீராகாரமும்தான் சாப்பிடுகிறார். அவருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) நோய் உண்டு. பழைய சோறு எல்லாக் குடல் நோய்களையும் தீர்க்கும், அதில் இரும்புச்சத்து இருபது மடங்கு பெருகும் என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) காணொளிகள் வருகின்றன. என் மகளோ அது கெட்டுப்போன சோறு என்கிறாள். எதை நம்புவது?

பதில்: சகோதரி, முறையாகப் புளிக்கவைத்த பழைய சோறு கெட்டுப்போன சோறு அன்று. சோற்றில் நீரூற்றி வைக்கும்போது லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகி, அவை சுரக்கும் அமிலம் நீரைப் புளிக்கச் செய்கிறது. அந்தப் புளிப்பே தீய கிருமிகள் பலவற்றை வளரவிடாமல் தடுக்கிறது. ஆனால் காணொளி சொல்லும் இரும்புக் கணக்கை நம்ப வேண்டாம். இரும்பு ஒரு தனிமம். எந்த நுண்ணுயிராலும் அதை உண்டாக்க முடியாது. இரும்பை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும், தானியத்திலுள்ள ஃபைடிக் அமிலம் புளிப்பினால் ஓரளவு குறைவதால், ஏற்கெனவே உள்ள இரும்பை உடல் சற்று எளிதாக உறிஞ்சலாம், அவ்வளவே.

உங்கள் மகளின் அச்சத்திலும் பொருள் இருக்கிறது. பேசிலஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் அரிசி வேகும்போதும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் கிடந்தால் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கின்றன. வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது, வாடையிலும் தெரியாது. ஆகவே மதியம் சமைத்து, மின்சாரத்தை நிறுத்திய சோற்றுப் பானையிலேயே மாலைவரை விட்டுவிட்ட சோற்றில் இரவு நீரூற்றுவதுதான் ஆபத்து. இரவுச் சோற்றின் ஆவி அடங்கியதும், கொதித்து ஆறிய நீரைச் சோறு மூழ்கும்படி ஊற்றி, ஒரு கரண்டி தயிரையும் கலந்து மூடி வைத்தால் புளிப்பு விரைந்து ஏறும். நம் ஊர் வெப்பத்தில் ஓர் இரவே போதும். காலையில் மிஞ்சியதை மறுநாளுக்கு வைக்க வேண்டாம்.

இனிப்பு நீரைப் பொறுத்தவரை, புளித்தாலும் அது சோறுதான். ஆறிய சோற்றில் எளிதில் செரிக்காத மாவுச்சத்து சிறிது உருவாகி, பெருங்குடல் பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது என்பது உண்மை. எனினும் அதன் அளவு குறைவு. மாமியார் உண்ட இரண்டு மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரையைச் சோதித்துப் பார்த்து, அதற்கேற்பச் சோற்றைக் குறைத்து, சின்ன வெங்காயத்தையும் மோரையும் கூட்டிக்கொள்ளட்டும். தொட்டுக்கொள்ளும் ஊறுகாயிலும் கருவாட்டிலும் கவனம் தேவை. நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

கேள்வி: இட்லியையும், சோயா அவரையைப் புளிக்கவைத்துச் செய்யும் தெம்பேயையும் வேகவைத்துத்தானே உண்கிறோம்? நல்ல பாக்டீரியாக்கள் செத்த பிறகு என்ன பயன்?

பதில்: நல்ல கேள்வி. இட்லி மாவைப் பொங்கச் செய்யும் லூக்கோநாஸ்டாக் பாக்டீரியாவும், சோயா அவரையைக் கட்டியாகப் பிணைக்கும் ரைசோபஸ் பூஞ்சையும் அடுப்பில் மடிந்துவிடுகின்றன. ஆனால் அவை அதற்கு முன் செய்து முடித்த வேலை அழிவதில்லை: புரதமும் மாவுச்சத்தும் ஓரளவு உடைந்திருக்கின்றன, அவரையின் வாயு உண்டாக்கும் சர்க்கரைகள் குறைந்திருக்கின்றன. உயிருள்ள நுண்ணுயிர்கள் வேண்டுமானால் தயிர், மோர், சமைக்காத தெம்போயாக் (புளித்த டுரியான் விழுது) ஆகியவற்றை நாட வேண்டும். பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்வதற்கும், அதிலுள்ள பாக்டீரியாக்கள் லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரையைச் செரிக்க உதவுவதே காரணம்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2021இல் வெளியிட்ட ஆய்வில், 36 பேரில் ஒரு பிரிவினர் பத்து வாரங்கள் தயிர், கெஃபீர் (புளித்த பால் பானம்), கிம்ச்சி (கொரியர்களின் புளித்த காய்கறி) போன்றவற்றை மிகுதியாக உண்டனர். அவர்களின் குடல் நுண்ணுயிர் வகைகள் பெருகின, இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. சிறிய ஆய்வுதான் என்றாலும் நம்பிக்கை தருவது. புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோரும் உறுப்பு மாற்றம் செய்துகொண்டோரும் மட்டும் இவற்றை மருத்துவரைக் கேட்ட பிறகே உண்ண வேண்டும்.

கேள்வி: கள்ளும் புளித்த பானம்தானே? குடலுக்கு நல்லது என்கிறார் என் அண்ணன்.

பதில்: கள்ளில் நுண்ணுயிர்கள் உண்டு, மதுவும் உண்டு, மது குடலின் உட்சுவரையும் கல்லீரலையும் தாக்குகிறது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கள்ளுக்கடைகளை மூடச் சொன்னதும் அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று. மருந்தென்று சொல்லி அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 56. இரண்டு மாதங்களாக வயிறு உப்புகிறது. தினமும் மூன்று போத்தல் கல்ச்சர் பால் (நல்ல பாக்டீரியாக்களால் புளிக்கவைத்த பால் பானம்) குடித்தும் குறையவில்லை. கூட்டிக் குடிக்கலாமா?

பதில்: கூட்ட வேண்டாம், ஐயா. ஒரு பாக்டீரியா வகை ஒரு கோளாற்றுக்கு உதவினால் எல்லாவற்றுக்கும் உதவும் என்பதில்லை. அத்தகைய பானங்கள் பலவற்றில் சர்க்கரையும் கணிசமாக இருக்கிறது. போத்தலில் அச்சிட்டிருக்கும் அளவை மூன்றால் பெருக்கிப் பாருங்கள். இனிப்பு நீருக்கு மெட்ஃபோர்மின் உட்கொள்பவரானால் உப்புசத்துக்கு அந்த மாத்திரையே காரணமாகவும் இருக்கலாம்; ஆனால் நீங்களாக அதை நிறுத்திவிடாதீர்கள். உங்கள் வயதில் புதிதாகத் தொடங்கி இரண்டு மாதங்கள் நீடிக்கும் வயிற்றுக் கோளாற்றை உணவால் மட்டும் சரிசெய்ய முயல்வது தவறு. இந்த வாரமே அரசாங்கக் கிளினிக்குக்குச் சென்று, உண்ணும் மாத்திரைகளைக் காட்டி, எடை குறைந்திருக்கிறதா, மலம் கழிக்கும் பழக்கம் மாறியிருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள். மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ மலம் கறுத்துப் போனாலோ ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.